செத்த பேசாம இருங்கண்ணே

சாவது என் தொழில். காலை ஒன்பதரைக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவசர அவசரமாக இன்னொரு தடவை. மத்தியானத்துக்கு மேல் சாவு குறைவு. தயிர்சாதம் சாப்பிட்ட மாணவர்களை நம்பி ஒருவன் சாக முடியாது என்று எங்கள் மேடத்துக்குத் தெரியும். அந்த நேரத்தில் தையல் போடும் பயிற்சி வைத்துவிடுவார்.

பயப்பட வேண்டாம். ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி. அங்கே மாணவர்கள் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கை பழகுவதற்கென்று ஒரு பொம்மை நோயாளி படுத்திருக்கிறார். ஆளுயர ரப்பர் உடம்பு. நெஞ்சு ஏறி இறங்கும், கழுத்தில் நாடி துடிக்கும், கண் சிமிட்டும், தேவைப்பட்டால் வியர்க்கவும் செய்யும். பேச்சு மட்டும் வராது. அந்தக் குறையைத் தீர்க்க வைத்திருக்கிற ஆள் நான். பக்கத்து அறையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என்னால் அவர்களைப் பார்க்க முடியும், அவர்களால் என்னைப் பார்க்க முடியாது. முன்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். மைக்கின் பொத்தானை அமுக்கிப் பேசினால் பொம்மையின் தொண்டைக்குள்ளிருந்து என் குரல் வரும். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் பொம்மையின் இதயம் நின்றுபோகும். எமன்கூட எருமை ஏறி வெயிலில் வரவேண்டும். எனக்குச் சுழல் நாற்காலியும் ஏசியும் இருக்கின்றன. ஏசி பொம்மைக்காகப் போட்டதுதான். ரப்பர் கெட்டுப்போகும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

இதற்கு முன்னால் பழங்காநத்தத்தில் ஒரு மைக்செட் கடையில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அறிவிப்பு என்னுடையது. குரல் வளம் இருக்கிறது, மின்சாமான் பழுது பார்க்கத் தெரியும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சி லேபை நடத்துகிற மேடம் என்னை எடுத்தார். என் வாய் சும்மா இராது என்கிற மூன்றாவது விஷயத்தை நான் நேர்காணலில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வீடு இருக்கிற விளாங்குடியில் என் மனைவி அக்கம்பக்கத்தில், "மெடிக்கல் காலேஜ்ல இருக்காக" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்வதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக்காரர்கள் எக்ஸ்ரே உறையோடு வந்துவிடுவார்கள். நான் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, "ம்ம்… காரத்தக் கொறைங்க" என்பேன். முட்டிவலி எக்ஸ்ரேக்கும் அதே பதில்தான். ஒருமுறை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். நல்லவேளை, வந்தவருக்கும் தெரியவில்லை.

நான் பேச ஆரம்பித்தால் மனைவி சொல்கிற ஒரே வாக்கியம், "செத்த பேசாம இருங்க." எங்கள் பக்கத்தில் 'செத்த' என்றால் கொஞ்ச நேரம் என்று அர்த்தம். செத்த இரு, செத்த தள்ளி நில்லு, செத்த இங்க வா. நாள் முழுக்கச் செத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். என்றாலும் அவள் சொல்கிற அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேடம் எனக்கு ஒரு வசனத்தாள் கொடுத்தார். "மருத்துவரே, எனது மார்பின் நடுப்பகுதியில் கடுமையான அழுத்தத்தை உணர்கிறேன்" என்று இருந்தது. மதுரையில் எந்த நோயாளி இப்படிப் பேசுவார்? இப்படிப் பேசினால் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். நான் அதை, "யாத்தே… நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்கு டாக்டரு" என்று மாற்றினேன். மேடம் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். மறுநாள் நோயாளிக்கு ஒரு குடும்பம் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்தக் குடும்பத்தில் ஒரு மருமகனைச் சேர்த்தேன். மருமகன் வாசலை மறித்து பைக்கை நிறுத்துகிறான், அதைக் கேட்டதில்தான் நெஞ்சுவலி வந்தது என்று நான் விரிவாகச் சொல்ல, மாணவன் ஒருவன் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டான். மருந்து கொடுக்க வேண்டிய நேரம் போய்விட்டது. நோயாளி கதையின் பாதியில் இறந்தார்.

மேடம் கண்ணாடி அறைக்குள் வந்தார். "இனிமே நோயாளி மூணு வாக்கியத்துக்கு மேல பேசக்கூடாது."

"நெஜ நோயாளிங்க பேசுறாங்களே மேடம்."

"அவங்கள என்னால நிறுத்த முடியாது. உங்கள நிறுத்த முடியும்."

அன்றிலிருந்து மூன்று வாக்கியம். எண்ணித்தான் சாகிறேன்.

இந்தக் கதை என்னைப் பற்றியது அல்ல. என் மனைவி படித்தால் நம்பமாட்டாள், ஆனாலும் அதுதான் உண்மை. இது ஒரு பிள்ளையைப் பற்றியது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அந்தத் தெருவிலிருந்து கிளம்பிய முதல் டாக்டர் இந்தப் பிள்ளை. பாடத்தில் கெட்டி. ஊசியை நரம்பில் ஏற்றுகிற கையைப் பார்த்தால், எனக்கே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஐந்து வருடப் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்போடு சேர்ந்து பயிற்சி மருத்துவராக ஆஸ்பத்திரிக்குள் போகவேண்டும். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பாக்கி: எங்கள் பொம்மை. இதயம் நின்றுபோன நோயாளியை, இரண்டு உதவியாளர்களை வைத்து வேலை வாங்கி, பிழைக்க வைக்க வேண்டும். மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றிலும் தேறாவிட்டால் வார்டுக்குள் விடமாட்டார்கள். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை கூடப் படித்தவர்கள் எல்லாம் டாக்டர், இவள் மட்டும் காத்திருக்கிற டாக்டர்.

அந்த இரண்டு உதவியாளர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆண் ஸ்டாஃப் நர்ஸ். தலையில் முடி இல்லை. அதை யாராவது உற்றுப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். இன்னொருவர் அட்டெண்டர். சோடாபுட்டிக் கண்ணாடி. எதையும் யோசித்துத்தான் செய்வார், நடப்பதைக்கூட. இருவருக்கும் ஐம்பதுக்குப் பக்கம்.

முதல் தடவை நான் செத்ததும் பிள்ளை கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இதயம் நின்றுவிட்டது என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாம் சரி. அடுத்து நிமிர்ந்து, "அண்ணே, நெஞ்ச அமுக்குங்கண்ணே!" என்றாள்.

மதுரையில் 'அண்ணே' என்று ஒரு குரல் விட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பாதி பஸ் நின்றுவிடும். அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க அமுக்குங்கண்ணே" என்றார் நர்ஸ்.

"அட, நீங்க சீனியருண்ணே. நீங்க அமுக்குங்க."

"வயசுல நீங்க மூத்தவருண்ணே."

"எம்புட்டு மூப்பு? ஒரு ஆறு மாசம் இருக்குமா?"

கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு மரியாதை பார்ப்பது போல என் நெஞ்சுக்கு மேல் மரியாதை நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அட்டெண்டர் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து பிள்ளை, "அண்ணே, ஊசி!" என்றாள். இருவரும் நெஞ்சை விட்டுவிட்டு ஊசித் தட்டைப் பார்த்து நடந்தார்கள். மானிட்டரில் கோடு நேராகப் போனது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். யாரையும் திட்டுவதற்கு இல்லை. நடந்ததை அவரவர் கண்ணாலேயே பார்ப்பதற்கு. மேடம் எண்ணினார். "பதினேழு தடவ அண்ணேன்னு கூப்பிட்டிருக்க. இதுல எந்த அண்ணே யாரு?"

பிள்ளை யோசித்தாள். "எல்லா அண்ணேயும் எல்லாரும்தான் மேடம்."

"எல்லாரையும் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கம்மா. இன்னாரு இன்னது செய்யணும்னு சொல்லணும். பேரச் சொல்லிக் கூப்பிடு."

"எங்கப்பா வயசு மேடம். பேரு எப்பிடி வாயில வரும்?"

"சரி, சார்னு கூப்பிடு."

இரண்டாவது தடவை "சார்" என்று கூப்பிட்டாள். அட்டெண்டரை அதுவரை பிறந்ததிலிருந்து யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லாததால் கதவைத் திறந்து வெளியிலும் பார்த்தார். அதற்குள் நான் காலமாகிவிட்டேன்.

இனி ஒரே ஒரு தடவை. வெள்ளிக்கிழமை, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால்.

அந்த வாரம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை லேபுக்கு வந்தாள். தூக்குவாளியை என் மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு தடவ சாகுறீங்களா?" என்பாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அம்புட்டு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. செத்தேன். நர்ஸும் அட்டெண்டரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பிள்ளை வாயைத் திறந்தால் அண்ணே.

"எங்கப்பா பால் சொசைட்டில சொல்லிட்டாருண்ணே" என்றாள் ஒரு நாள், புளிசாதத்தைக் கிளறிக்கொண்டே. "திங்கக்கெழம மக டூட்டி ஏறுதுன்னு. அம்மா வேற ரெண்டு வெள்ளக் கோட்டத் தேச்சு மடிச்சு வச்சிருக்கு. நான் என்னத்தப் போயிச் சொல்லுவேன்? அண்ணேன்னு கூப்புட்டதுக்கு பெயிலாக்கிட்டாகன்னா யாரு நம்புவா?"

எனக்கு மனது கேட்கவில்லை. மனது கேட்காதபோது என் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும், ஆபத்தே அதுதான். "ரொம்பச் சுளுவு" என்றேன். "நம்பர் குடுத்துருவோம். ஒண்ணாம் நம்பர் அண்ணே, ரெண்டாம் நம்பர் அண்ணே. கொழப்பமே இருக்காது."

நர்ஸ் கேட்டார், "யாரு ஒண்ணு?"

"நீங்கதான்" என்றேன்.

அட்டெண்டர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். "அப்ப நான் ரெண்டாந்தரமா மாப்ள?"

"தரம் இல்லண்ணே, நம்பரு."

"எல்லா நம்பரும் அப்பிடித்தான் ஆரம்பிக்கும்."

அன்றைக்கு அவர் பயிற்சிக்கு நிற்கவில்லை. மறுநாள் சமாதானமாக அவரை ஒன்றாக்கினேன்; நர்ஸ் நிற்கவில்லை. இரண்டு நாள் வீண். அது முழுக்க முழுக்க என் சாதனை.

வியாழக்கிழமை பிள்ளை ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, கெடச்சிருச்சு! இப்ப பஸ்ஸுல வாரேன். சரியான கூட்டம். கண்டக்டரு யாரு பேரும் தெரியாமத்தான் அம்புட்டுப் பேரையும் ஒதுக்குறாரு. 'செவப்புச் சட்ட அண்ணே உள்ள போங்க, கட்டப்பை அக்கா கால எடுங்க, ஹெட்போன் தம்பி டிக்கெட் எடு'ன்னு. ஒவ்வொருத்தரும் கரெக்டா நகர்றாகண்ணே! மரியாதையும் போகல."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். கண்டுபிடிப்பு பெரிது என்பதால் அல்ல. பழங்காநத்தத்தில் அத்தனை வருடமாக நான் மைக்கில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? 'ஊதா கலர் சேலை கட்டிய அம்மா மேடைக்கு வரவும். பச்சைச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை சமையல்கட்டில் அழுதுகொண்டிருக்கிறது.' நாள் முழுக்க அதுதான் வேலை. அது எனக்கு ஞாபகம் வரவில்லை; நம்பர்தான் வந்தது.

உடனே ஒரு ஒத்திகை பார்த்தோம். அன்று நர்ஸ் சந்தனக் கலர் சட்டை, அட்டெண்டர் கட்டம் போட்ட சட்டை. "கட்டச்சட்ட அண்ணே, அமுக்குங்க! சந்தனச்சட்ட அண்ணே, ஊசி!" சொல்லி வாய் மூடுவதற்குள் இருவரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் பிழைத்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை லேபுக்குள் நுழைந்ததும் என் விசில் நின்றது. நர்ஸும் அட்டெண்டரும் கழுத்திலிருந்து முட்டிவரை ஒரே மாதிரி புது நீலக் கோட்டில் நின்றார்கள். மூக்குக்குக் கீழே ஒரே மாதிரி நீல மாஸ்க்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"நீங்கதான மாப்ள திங்கக்கெழம மேடத்துகிட்டச் சொன்னீக? வெளியூருலருந்து தேர்வாளர் வாராரு, எல்லாரும் ஒரே மாதிரி உடுத்துனா பாக்க நல்லா இருக்கும்னு?" என்றார் அட்டெண்டர்.

சொல்லியிருந்தேன். கோயில் திருவிழாத் தொண்டர் படை மாதிரி இருக்கும் என்றுகூடச் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மேடம் தேர்வாளரோடு உள்ளே வந்துவிட்டார். சென்னைப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, சிரிப்பதற்குச் சம்பளம் பேசாமல் வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி முகம். கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளங்கை வியர்த்தது. பொம்மைக்கு வியர்க்க வைக்க ஒரு பொத்தான் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை.

பிள்ளை உள்ளே வந்தாள். அம்மா தேய்த்து மடித்த கோட்டு. மடிப்பு இன்னும் கலையவில்லை.

"நெஞ்சு அடைக்குது டாக்டரம்மா. எடதுகை இழுக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது." மூன்று வாக்கியம். ஒன்றுகூட மிகுதி இல்லை.

அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள், ஒட்ட வேண்டிய வயர்களை ஒட்டினாள். நேரம் வந்ததும் நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். மானிட்டரில் கோடு கன்னாபின்னாவென்று கிறுக்கியது. மணி அடித்தது. பிள்ளை கழுத்தில் விரல் வைத்தாள். "நாடி இல்ல. இதயம் நின்னுருச்சு" என்று கணீரென்று சொன்னாள். நிமிர்ந்தாள்.

எதிரில் இரண்டு நீலம்.

"நீல…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு அந்த ஒரு விநாடி, கரண்டு போன கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. தேர்வாளரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"அண்ணே!" என்றாள் பிள்ளை.

இரண்டு நீலமும் ஒன்றையொன்று பார்த்தன. யாரும் நகரவில்லை.

"அண்ணே!!"

இரண்டாவது கூப்பாட்டில் இருந்த தவிப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த வாரம் முழுக்க அதே குரல், "அண்ணே, ஒரு தடவ சாகுறீங்களா" என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் விரல் தானாகப் போய் மைக் பொத்தானை அமுக்கியது. என் வாய் தானாகத் திறந்தது.

"என்னத்தா?"

செத்தவர் பேசினார். இதயம் நின்று, கோடு கிறுக்கி, மணி அடித்துக்கொண்டிருக்கிற நோயாளி, தெளிவாக, பாசமாக, "என்னத்தா?" என்று கேட்டார்.

அட்டெண்டர் ஒரு எட்டுப் பின்னால் குதித்தார். அவர் குதித்து நான் பார்த்ததில்லை. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்து, கையைக் கடித்துக்கொண்டேன். முடிந்தது. பிள்ளையின் ஆறு மாதத்தை ஒரே ஒரு சொல்லில் தின்றுவிட்டேன்.

பிள்ளை மட்டும் அசையவில்லை. விரலை மறுபடி கழுத்தில் வைத்தாள். உதடு எண்ணியது. "பேச்சு வந்துச்சு. நாடி வரல. இதயம் இன்னும் நின்னுதான் இருக்கு" என்றாள். பிறகு பொம்மையின் முகத்தைப் பார்த்து, என் மனைவியின் அதே குரலில், அதே சலிப்பில் சொன்னாள்:

"செத்த பேசாம இருங்கண்ணே!"

அப்படி ஒரு அண்ணனைத் தனியாகப் பிரித்து அதட்டியதும் அவள் நாக்கின் முடிச்சு அவிழ்ந்தது போலிருக்கிறது. கண்ணை உயர்த்தினாள். மாஸ்க்குக்கு மேலே மிச்சமிருந்ததைப் பார்த்தாள்.

"கண்ணாடி அண்ணே, நெஞ்ச அமுக்குங்க! வழுக்க அண்ணே, ஷாக் மிசின இழுங்க!"

நர்ஸின் கை ஒரு கணம் தலைக்குப் போனது. ஒரே ஒரு கணம்தான். "இழுத்தாச்சு!" என்று கத்தினார்.

"அமுக்குறேன்!" என்றார் அட்டெண்டர், ஏற்கனவே அமுக்கிக்கொண்டே.

"கண்ணாடி அண்ணே, கைய எடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஷாக் குடுக்குறேன். கண்ணாடி அண்ணே, திரும்ப அமுக்குங்க. வழுக்க அண்ணே, ஊசி போடுங்க. போட்டதும் சொல்லுங்க."

"போட்டாச்சு!"

இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு நாடி திரும்ப வேண்டும் என்பது திட்டம். முதல் ஷாக்கிலேயே திருப்பிவிடலாமா என்று என் விரல் அரித்தது. செய்யவில்லை. என் தப்பை அவள் கணக்கில் சலுகையாக வரவு வைத்தால் அவள் செய்ததெல்லாம் பொய்யாகிவிடும். இரண்டாவது ஷாக் வந்தது. தட்டினேன். மானிட்டரில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. பிழைத்த நோயாளி சொல்ல வேண்டிய, "எங்க இருக்கேன்?" என்கிற வசனத்தைக்கூடச் சொல்லவில்லை.

தேர்வாளர் என் அறைக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். "நடுவுல பேசினது யாரு?"

வெளியே வந்தேன். "செத்தவன் நான்தான் சார்."

மேடம் முந்திக்கொண்டார். "எங்க தரப்புத் தப்பு சார். இந்தத் தடவைய விட்டுட்டு இன்னொரு தடவ பாத்துருவோமா?"

பிள்ளை கோட்டின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றுதான் வாய்ப்பு, இன்னொரு தடவை என்று ஒன்று கிடையாது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"என்னுடைய தப்பு சார்" என்றேன். "அண்ணேன்னு கூப்பிட்டா திரும்பாம இருக்க எனக்கு வராது. அந்தப் புள்ள மேல எந்தத் தப்பும் இல்ல."

தேர்வாளர் தாளைப் பார்த்தபடியே பேசினார். "இதயம் நின்ன பிறகும் சில பேர் மூச்சு வாங்குற மாதிரி இழுப்பாங்க, சத்தம் போடுவாங்க. நிஜத்துல நான் பார்த்திருக்கேன். உயிர் வந்துடுச்சுன்னு நினைச்சு நெஞ்சை அமுக்கறதை விட்டுடுவாங்க நம்ம ஆளுங்க. ஆள் போயிடுவார். இந்தப் பொண்ணு குரலை நம்பலை. நாடியைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணிச்சு." கட்டங்களில் வரிசையாகக் குறி போட்டார். "ஆரம்பத்துல தடுமாறினதுக்கு மார்க் குறைச்சிருக்கேன். அது போனாலும் பாஸ்."

அட்டெண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலை" என்றார் தேர்வாளர். "செத்தவர்கிட்ட 'செத்த பேசாம இரு'ன்னு சொன்னியே. செத்தவன் பேசக்கூடாதுன்னா?"

"இல்ல சார். செத்தன்னா கொஞ்ச நேரம்னு அர்த்தம். செத்த இருங்கன்னா கொஞ்சம் இருங்க."

"அப்போ செத்துட்டார்ங்கிற அர்த்தத்துல சொல்லலை?"

பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதும்தான் சார்."

அந்த மனிதர் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு வைக்க இடம் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போகும்போது மேடத்திடம், எல்லா மாணவர்களுக்கும் நோயாளியை நடுவில் ஒரு தடவை பேச வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அனுமதியும் எச்சரிக்கையும் சமபாதி இருந்தன. நர்ஸ் மட்டும் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை ஒரு பெட்டி பால்கோவா கொண்டுவந்து, "மொதத் துண்டு உங்களுக்குத்தாண்ணே" என்று நீட்டிய பிறகு, "அவசரத்துல எப்பிடிக் கூப்புட்டாலும் தப்பில்லத்தா" என்று பெருந்தன்மையாக இறங்கி வந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். வீட்டில் தேங்காய் உடைக்கிறேன் என்று அரிவாளோடு வீரம் காட்டி, தேங்காயை விட்டுவிட்டு விரலை வெட்டிக்கொண்டேன். மனைவி துணியைச் சுற்றி, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். கேஷுவாலிட்டியில் நல்ல கூட்டம். அதற்கு நடுவே ஒரு குரல்.

"பச்சத்துண்டு அப்பா, நீங்க அந்தக் கட்டில்ல உக்காருங்க. கொழந்தைய வச்சிருக்க அக்கா, உங்களுக்கு ஊசி போட்டாச்சு, கெளம்பலாம். ஹெல்மெட் தம்பி, செத்த ஓரமா நில்லு."

ஒவ்வொருவரும் அவரவர் இடத்துக்கு நகர்ந்தார்கள். வெள்ளைக் கோட்டில் மடிப்பெல்லாம் போய், காபிக் கறை ஒன்று வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. அறையின் அந்தக் கோடியிலிருந்து கையை உயர்த்திக் கூப்பிட்டாள்.

"செத்த அண்ணே! இங்க வாங்க!"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு அம்மா நான் நடந்து போகிறபோது என் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

பிள்ளை விரலைக் கழுவி, தையல் போட உட்கார்ந்தாள். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். தேங்காயின் தரம், அரிவாளின் பிடி, அன்றைக்குத் தேர்வில் நடந்தது என்று நான் மூன்று வாக்கியத்தைத் தாண்டி முப்பதாவது வாக்கியத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஊசியை உயர்த்திப் பிடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்த பேசாம இருங்கண்ணே. கை ஆடுது."

எனக்குப் பின்னால் நின்ற மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடக் கொடுத்ததில்லை.

"அப்பிடிச் சொல்லுத்தா" என்றாள்.